வெள்ளிக்கிழமைப் புகை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது. இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு மாத இதழிலிருந்து கேட்டது பயணக் கட்டுரை. “கேரவன்ல ஊர் சுத்துறது இப்ப எல்லாருக்கும் பிடிக்குது சார். குதூகலமா ஒண்ணு எழுதிக் குடுங்க” என்றார் ஆசிரியர். நானும் மானம் ரோஷம் இல்லாமல் சரி என்றேன். திருவனந்தபுரத்தில் கேரவனை வாடகைக்கு விடும் ஒருவரைப் பிடித்து, வண்டியை வாங்கிக்கொண்டு கல்லாறுக்குப் போனேன்.

என் குதூகலம் நெடுமங்காடு தாண்டுவதற்குள் தீர்ந்துபோயிற்று. வளைவுக்கு வளைவு அலமாரிக் கதவு திறந்து பாத்திரமெல்லாம் உருண்டது. சமதளமான இடம் கிடைக்காமல் சாய்வில் நிறுத்தியதில், குளித்த தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் படுக்கையைப் பார்த்து வந்தது. வானம் மூட்டமாக இருந்ததால் கூரையில் இருந்த சோலார் தகடு கைவிட்டுவிட்டது. விளக்கு மங்கிற்று, மின்விசிறி நின்றது. கக்கூஸ் பெட்டி என்று ஒன்று உண்டு. சூட்கேஸ் மாதிரிக் கைப்பிடி வைத்தது. நிறைந்ததும் உருவி எடுத்துக்கொண்டுபோய் எங்கேயாவது கொட்ட வேண்டும். எங்கே என்று எந்த விளம்பரத்திலும் போடவில்லை. சக்கரம் வைத்த வீடு என்கிறார்களே, அந்த வீட்டுச் சாக்கடைக்கும் சேர்த்துத்தான் சக்கரம்.

மத்தியானம் மல்லாந்து கிடந்து, இதில் குதூகலத்தை எங்கிருந்து வரவழைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே கூரையில் ஒரு வெள்ளை வட்டப் பெட்டி. புகையோ விஷவாயுவோ சேர்ந்தால் கத்தி ஊரைக் கூட்டும் அலாரம். மூடி கொஞ்சம் தொங்கியது. எழுந்து திறந்து பார்த்தேன். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் சொந்தக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “அது சும்மா கெடந்து கத்தும் சாரே. மீன் வறுத்தாக்கூட கத்தும். ஆரோ ஊரி எடுத்திருக்கும்.”

அந்த ‘ஆரோ’ யார்? அன்றிலிருந்து எனக்குக் கட்டுரை ஓடவில்லை. ஸ்டூலில் ஏறி நின்று, மூடியைத் திருகி, பேட்டரியை உருவி எடுக்கும் ஒரு கை மட்டும் கண்ணுக்குள் நின்றது. அந்தக் கைக்கு உடம்பு, பெயர், மனைவி, மகன் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனேன். கொடுத்திருக்க வேண்டாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை—

(வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை எனக்கே பிடிக்காது.)

இரண்டாவது முயற்சி: சொர்ணம்மாள் இறந்துகிடந்தபோது அவள் முகத்தில் இருந்த நல்ல நிறத்தைப் பார்த்து, குற்றாலலிங்கம்—

(பார்த்தீர்களா, வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சரி, சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். இந்தக் கதையில் சொர்ணம்மாள் இறந்துபோகிறாள். மனசு கேட்காதவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.)

மூன்றாவது முயற்சி: குற்றாலலிங்கம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், மொத்த மளிகைக் கடை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.

இது இருக்கட்டும். வறட்சியாக இருக்கிறது, அவரைப் போலவே. நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஆயுசு முழுவதும் ஒரே நாற்காலி. எதிரே மூட்டைகள் இறங்கும், ஏறும். குண்டூர், நிஜாமாபாத், ஊஞ்சா என்று சாக்கின்மேல் அச்சடித்த ஊர்ப் பெயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, அந்த ஊர்களை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஓட்டலில் தங்குவது ஆகாது. அடுத்தவன் படுத்த மெத்தை, அடுத்தவன் குளித்த வாளி. அதனால் வண்டியிலேயே வீடு.

“அப்பாக்கு என்ன வட்டா?” என்று கேட்டான் மகன் வினீத். வட்டு என்றால் கிறுக்கு. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். அவன் மனைவி ஷில்பா மட்டும், “போகட்டும் விடுங்க, அம்மாக்கு எப்பத்தான் ஒரு சேஞ்ச்?” என்றாள். கழக்கூட்டத்தில் ஹைவே ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு, பழைய வேன்களைக் கேரவனாக மாற்றிக் கொடுக்கும் ஜெயனிடம் அழைத்துப் போனதும் அவள்தான்.

3

ஜெயனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவனுக்கு இந்தக் கதையில் நடக்கப்போவது நல்லதல்ல.

பட்டறையில் அவனும் அவன் மனைவி ராகேலும்தான். அவன் தச்சு, வெல்டிங், வயரிங். அவள் மெத்தையும் திரையும் தைப்பாள். சொர்ணம்மாள் கேட்டபடி மஞ்சளில் திரை தைத்துக் கொடுத்தது அவள்தான். வண்டி ரோட்டில் குலுங்கும்போது எதுவும் கழன்று விழக் கூடாது என்று ஜெயனுக்கு ஒரு பயம். கண்ணில் பட்டதற்கெல்லாம் சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றிவிடுவான். அலாரத்தில் போடும் இரண்டு பேட்டரிகளுக்கும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு சுற்று. ஆட்டம் இல்லாமல் இறுகி உட்காரும்.

வண்டியை ஒப்படைத்த அன்று ஒவ்வொன்றாகக் காட்டினான். நல்ல தண்ணீர்த் தொட்டி இது, அழுக்குத் தண்ணீர்த் தொட்டி அது, கேஸ் வால்வை ஓடும்போது மூட வேண்டும், சாய்வில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் பலகை. கடைசியாக அலாரத்தைக் காட்டினான். “அங்கிளே, இது புகைக்கு மட்டும் அல்ல. மணமே இல்லாத ஒரு கேஸ் உண்டு. வந்தா நமக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும்.” குற்றாலலிங்கம் தலையாட்டினார். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார், அந்தக் கணக்கில் இதற்கும் ஆட்டினார்.

சொர்ணம்மாளை எழுதுவதில்தான் எனக்குத் தடுமாற்றம். முதல் எழுத்தில் அவளை ஒரு வாயில்லாப் பூச்சியாக எழுதியிருந்தேன். புருஷன் போன இடமெல்லாம் முந்தானையைப் பிழிந்துகொண்டு பின்னால் போகிறவள். படித்துப் பார்த்தால் எனக்கே ஆத்திரம் வந்தது. அப்படி ஒருத்தியை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது சொர்ணம்மாள் வேறு மாதிரி வந்தாள். ரோட்டு வாழ்க்கை அவரைவிட அவளுக்குத்தான் சுலபமாகப் பிடிபட்டது. பெட்ரோல் பங்கில், கோயில் மைதானத்தில், பள்ளிக்கூட வாசலில் என்று வண்டியை நிறுத்த இடம் கேட்பது அவள் வேலை. ஓட்டை மலையாளத்தில் ஆரம்பித்து, கேட்கிறவர் வீட்டுக் கல்யாணக் கதை வரைக்கும் போய்விடுவாள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிப்பாள். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் கழுவி, அந்தத் தண்ணீரில் கால் கழுவுவாள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கிப் பின்பக்கம் நின்றுகொள்வாள். வாயால் சொன்னால் இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. அதனால் உள்ளங்கையால் தகரத்தில் அடிப்பாள். ஒரு தட்டு என்றால் வரலாம். இரண்டு தட்டு என்றால் நில்.

“ரெண்டு அடிச்ச பொறவும் உருட்டுதியோ! காது அவிஞ்சா போச்சு?”

“கேட்டுதுட்டி, கேட்டுது.”

“கேட்டா நிக்கணும். கேட்டுதுன்னு சொல்லப்பிடாது.”

[இப்போது சொல்கிறேன், இந்தப் பேச்சை எழுதியபோதுதான் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன ஆளை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே பயமாக இருந்தது.]

4

வெள்ளிக்கிழமை அவளுக்கு எண்ணெய்க் குளி. வண்டியானாலும் வீடானாலும் அதில் மாற்றமில்லை. குளித்து வந்து, தூபக்காலில் தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் கனலாக்கி, சாம்பிராணி தூவி, சாமி படத்துக்குக் காட்டுவாள். பிறகு அதைத் தரையில் வைத்து, மேலே பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, கூந்தலைக் கூடைமேல் விரித்துக் காய வைப்பாள்.

ரோட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தூபக்காலைத் தூக்கிக் காட்டிய உடனே தலைக்கு மேலே அலாரம் கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை, காதைக் கிழிக்கிற கத்தல். சொர்ணம்மாள் நடுங்கித் தூபக்காலைக் கீழே போட்டாள். கனல் சிதறிப் பாயில் பொத்தல் விழுந்தது. மறுகணம் அவளுக்குக் கோபம் வந்தது.

“சாமிக்குப் போடுத புகைக்கு ஒப்பாரி வைக்குது பாருங்கோ, மூதேவி! வெள்ளியும் அதுவுமா! இதக் கழட்டிப் போடுங்கோ. இல்லன்னா நான் பஸ் ஏறிப் போயிருவேன்.”

பஸ் ஏற மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மூடியைத் திருகி, சிவப்பு டேப் சுற்றிய இரண்டு பேட்டரிகளையும் நகத்தால் நெம்பி எடுத்தார். சத்தம் நின்றது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் எதையும் கழற்றியிருப்பார்.

முதல் சில வாரம், சாமி கும்பிட்டு முடிந்ததும் திரும்பப் போட்டார். பிறகு ஒரு வாரம் மறந்தார். பிறகு ஒருநாள் டார்ச் எரியவில்லை, கையெட்டும் தூரத்தில் இரண்டு பேட்டரி சும்மா கிடந்தது. டேப்பினால் தடித்திருந்ததால் டார்ச்சுக்குள் அழுத்தித்தான் போட வேண்டியிருந்தது. அழுத்திப் போட்டு மூடியைத் திருகினார்.

இவ்வளவுதான் அவர் செய்தது. நம் வீட்டிலும் செய்வோம். சுவர்க் கடிகாரத்தில் இருந்ததை எடுத்து ரிமோட்டில் போடுகிறோமே, அப்படி.

5

(இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது.)

முதல் எழுத்தில் நான்காம் பகுதி இப்படி இல்லை. அதில் பேட்டரிகள் தாமாகவே தீர்ந்துபோயிருந்தன. அலாரம் கத்தவில்லை, ஏனென்றால் பேட்டரியில் உயிர் இல்லை. யார் தப்பும் இல்லை, தலையெழுத்து. குற்றாலலிங்கம் அழுவதற்கு மட்டும் உரிமை உள்ள ஒரு புருஷனாக இருந்தார். கதை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

அதை என் தோழி ராஜஸ்ரீயிடம் படிக்கக் கொடுத்தேன். கரமனையில் இருக்கிறாள், ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறாள். படித்துவிட்டுக் காகிதத்தை மடக்கி என்னிடமே நீட்டினாள்.

“ஏண்டா, ஊரி எடுத்தது யாருன்னு கேட்டுண்டுதானே இத ஆரம்பிச்சே? கடைசில யாருமே எடுக்கலேன்னு எழுதி வெச்சிருக்கே?”

“பாவம் அந்த மனுஷன்.”

“மனுஷன் பாவம்னு இல்லே. நோக்குச் சத்தம் ஆகலே. அதான் பேட்டரியக் கழட்டிட்டே.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து நான்காம் பகுதியைத் திருத்தினேன். நீங்கள் படித்தது திருத்தியது.

6

இனி அந்த நாள். தள்ளிப்போட்டது போதும்.

கல்லாறில் சரசம்மாவின் சாயாக்கடைக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தியிருந்தார்கள். பொன்முடிக்கு ஏறலாம் என்று வந்தவர்கள். மழை பிடித்துக்கொண்டு விடவில்லை, மேலே வண்டிகளை அனுப்பவில்லை. கேரவனில் மழை என்பது ஜன்னலோரம் சாயா குடித்துக்கொண்டு ரசிக்கும் சமாச்சாரம் இல்லை. வெயில் இல்லாததால் விளக்கு எரியவில்லை. துவைத்தது காயவில்லை. மெத்தையைத் தொட்டால் கை ஈரமானது, தலையணையில் கரும்புள்ளி பூத்தது. கூரை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் கொட்டும்; மூடினால் கக்கூஸ் பெட்டி நாறும். இருவரும் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சொர்ணம்மாள் சரசம்மா வீட்டுக் குளியலறையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாள். தூபக்காலில் வழக்கத்தைவிட அதிகமாகக் கரி போட்டாள். சாமிக்குக் காட்டியதும், கூடையைக் கவிழ்த்து, கீழ்ப் படுக்கையில் ஒருக்களித்து, கூந்தலைக் கூடைமேல் விரித்தாள். கொடியில் ஈரத்துணி தொங்கியது.

“கனல் கெடக்கட்டும். துணியும் ஒணங்கும், மெத்தையும் ஒணங்கும், இந்த நாத்தமும் போவும். நீங்க அந்தப் பெட்டியக் கொண்டு கொட்டிட்டு வாருங்கோ. எத்தன நாளாச் சொல்லுகேன்.”

“மழ விடட்டுட்டி.”

“மழ விட்டா ஆளுவ வந்துருவாவோ. பொறவு ஆளப் பாத்து நாணிக்கிட்டு நிப்பியோ.”

அவள் சொன்னது சரி. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் நடுவே நடப்பது அவருக்கு உயிர் போகிற வெட்கம். மேலே ஒரு துவர்த்துத் துண்டைப் போர்த்தி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு இறங்கினார். காற்றில் கதவு அடித்துக்கொண்டது. மழை உள்ளே சாரலடித்தது. கதவை அவர்தான் இழுத்துச் சாத்தினார்.

சரசம்மா, தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழியில் கொட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். ஆனால் கடையில் ஒரு ஜீப் நிறைய ஆட்கள். சோப்பு மணக்கும் சட்டைகள், சிரிப்பு. அவர்களைத் தாண்டி இந்தப் பெட்டியோடு போக அவருக்குக் கால் வரவில்லை. விறகு அடுக்கிய சாய்ப்புக்கு அடியில் ஒதுங்கி, பெட்டியைக் காலுக்குப் பின்னால் மறைத்து நின்றார். அவர்கள் போகவில்லை. இன்னொரு முறை சாயா கேட்டார்கள். அதில் ஒருவன் அவரைப் பார்த்து, “அந்தக் கேரவன் அங்கிளோடதா?” என்று கேட்டான். ஆமாம் என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டான். குற்றாலலிங்கம் பேச ஆரம்பித்தார். ரோட்டில் வாழ்வது எப்படி, இன்ன ஊரில் விடியற்காலை எப்படி, தானும் தன் மனைவியும் இந்த வயதில் எப்படிச் சேர்ந்து இருக்கிறோம்.

(இந்த இடத்தை எழுதும்போது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மனுஷன் நன்றாகத்தான் பேசினார். அவர் ஆயுசில் முன்பின் தெரியாதவர்களிடம் இத்தனை பேசியதில்லை.)

ஜீப் போயிற்று. குழியில் கொட்டி, பெட்டியைக் கழுவி, திரும்பி வந்தார். கையில் பெட்டி இருந்ததால், கதவைத் திறக்கச் சொல்லி வண்டித் தகரத்தில் ஒரு தட்டு தட்டினார். பதில் இல்லை. இன்னொரு தட்டு. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தானே திறந்தார்.

உள்ளே இருட்டு. சாம்பிராணி மணம் நிறைந்திருந்தது. டார்ச்சை எடுத்து அடித்தார். சொர்ணம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்று அவரைக் கல்யாணமான நாள் முதல் கண்ணை மூட விட்டதில்லை அவள். இன்றைக்கு மாட்டிக்கொண்டாள். “ஏட்டி, ஒனக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?” என்றார். முகத்தில் வெளிச்சம் அடித்தார். கன்னம் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தது, எத்தனையோ வருஷமாகப் பார்த்திராத நிறம். முகத்தில் டார்ச் அடித்தால் அவளுக்குப் பிடிக்காது, வைவாள். வையவில்லை.

“ஏட்டி.”

டார்ச் கையிலிருந்து மெத்தையில் விழுந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளைச் சரசம்மாவும் கடைக்கு வந்தவர்களும் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஓடிய பிறகும், மஞ்சள் திரையைப் பார்த்தபடி அது எரிந்துகொண்டிருந்தது.

7

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டே கேள்விதான் கேட்டார். உள்ளே கரி எரிந்ததா? ஜன்னல், கதவு எல்லாம் அடைத்திருந்ததா? இரண்டுக்கும் ஆமாம் என்றார் குற்றாலலிங்கம். ஷில்பா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், பிரேதப் பரிசோதனை முடியட்டும் என்று காத்திருந்த நேரத்தில், வண்டியைப் பார்க்க வேண்டும் என்று போலீஸ்காரர் கூப்பிட்டார். வினீத்தும் ஷில்பாவும் அவரைக் கூட்டிக்கொண்டு கல்லாறுக்குத் திரும்பப் போனார்கள். வினீத் ஏற்கெனவே ஜெயனைப் போனில் கூப்பிட்டிருந்தான். ஜெயன் பைக்கில் மழையில் நனைந்து வந்து நின்றான். குற்றாலலிங்கத்தைப் பார்த்ததும் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். “ராகேல் எழுந்திரிக்கவே இல்ல அங்கிளே. கேட்டதிலிருந்து கெடந்து கரையறா, ஒரே அழுக.”

போலீஸ்காரர் குடையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். “ஆராணு ஈ வண்டி பணிஞ்ஞது?” யார் இந்த வண்டியைச் செய்தது என்று கேட்கிறார்.

“ஞான் தன்னே சாரே” என்றான் ஜெயன்.

வினீத் உள்ளே ஏறினான், மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். கண் வீங்கியிருந்தது. அவனுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. “அலாரம் இருக்குல்ல? அப்பா, அது ஏன் அடிக்கல?” என்று கேட்டான். அவன் ஸ்டூலில் ஏறினான். உள்ளே வெளிச்சம் போதவில்லை. கண்ணை ஓட்டினான், மெத்தையில் டார்ச் கிடந்தது. மங்கலாக, இன்னும் எரிந்துகொண்டு. அதை எடுத்து அலாரத்தில் அடித்து, மூடியைத் திருகித் திறந்தான்.

“காலி” என்றான். இறங்கினான். “ஜெயன் சேட்டா, பேட்டரியே இல்ல. நீங்க பேட்டரியே போடல.”

“இல்ல வினீத், ஞான் இட்டதாணு. போட்டேன்.”

“எங்க? காட்டுங்க. எங்க இருக்கு?”

ஜெயன் கூரையைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான். அவனுக்குள் ஏதோ ஒன்று நழுவுவது முகத்தில் தெரிந்தது. “போட்டேன்னுதான் ஓர்ம” என்றான். “அன்னிக்கு வேற வண்டியும் கெடந்தது. ஒருவேள... ஒருவேள மறந்திருப்பனோ?” பிறகு குற்றாலலிங்கத்தின் பக்கம் திரும்பினான். “அங்கிளே, ஞான் போட்டில்லயோ? அங்கிள் பாத்தீங்கல்லே? சொல்லுங்க. நீங்க சொன்னா ஞான் ஒத்துக்கறேன்.”

போலீஸ்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

குற்றாலலிங்கத்தின் தொண்டைக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஜெயிலுக்கு அவர் பயப்படவில்லை. கழற்றியது நான்தான் என்று சொன்னால் ஏன் என்று வினீத் கேட்பான். ஏன் என்று கேட்டால், உங்க அம்மா சொன்னா என்று சொல்ல வேண்டி வரும். ஆஸ்பத்திரியில் கிடந்து இனி ஒரு வார்த்தை திருப்பிப் பேச முடியாதவள்மேல் பழியைப் போட வேண்டி வரும். அவள் பெயரை எடுக்காமல் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். தேடும் நேரத்தில் ஜெயன் தன் கொட்டகையை, தன் கையை, தன்மேல் இருந்த நம்பிக்கையை எல்லாம் அவர் கண்ணெதிரே இழந்துகொண்டிருந்தான்.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. குற்றாலலிங்கம் சொல்லிவிடுகிறார். வினீத் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். ஜெயன் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறான். (எழுதி முடித்ததும் எனக்கு மனசு லேசாக இருந்தது. அதனாலேயே இதை நம்பவில்லை. மகன் அதற்குப் பிறகு அப்பாவோடு ஒரு தட்டில் சாப்பிடுவானா என்பதை இந்த முடிவு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.)

ஆ. அவர் சொல்லவில்லை. வழக்கு ஜெயன்மேல் போகிறது. கொட்டகை சாத்திக் கிடக்கிறது. ராகேல் வீட்டுவேலைக்குப் போகிறாள். வண்டி வினீத்தின் ஃபிளாட்டுக்குக் கீழே துருப்பிடிக்கிறது. ஒவ்வொரு நாளும் ஷில்பா கொடுக்கும் காப்பியைக் குற்றாலலிங்கம் வாங்கிக் குடிக்கிறார். (இது நடக்கக்கூடியது. நடக்கக்கூடியது என்பதால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.)

இ. இதை உங்களிடம் காட்டலாமா என்று தெரியவில்லை. மறுபடி ஆறாம் பகுதி. அதே மழை, அதே கனல். சொர்ணம்மாளுக்குக் கண் சொருகுகிறது. தலைக்கு மேலே அலாரம் கத்துகிறது. “செத்த பொணத்தையும் எழுப்பிரும் போல, சவம்!” என்று வைதுகொண்டே எழுகிறாள், தள்ளாடுகிறாள், கதவை எட்டி உதைத்துத் திறக்கிறாள். மழை உள்ளே அடிக்கிறது. ஈரக் கூந்தலோடு சேற்றில் இறங்கி நின்று வாந்தியெடுக்கிறாள். அங்கே கழுவிய பெட்டியோடு வந்துகொண்டிருக்கும் புருஷனைப் பார்த்து, “இதக் கழட்டிப் போடுங்கோன்னா கேக்க மாட்டியோ?” என்று கத்துகிறாள்.

என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் இதுதான். ராஜஸ்ரீயிடம் படித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நானே அதை எடுத்துவிட்டேன். பேட்டரி டார்ச்சில் இருக்கிறது. நான்காம் பகுதியில் என் கையால்தான் போட்டேன். இனி எந்த எழுத்திலும் அதை அங்கிருந்து எடுக்க எனக்கு மனசு வராது.

9

ஆகையால் முடிவு இல்லை. இருப்பது இவ்வளவுதான்.

வண்டிக்குள் நான்கு பேர். வாசலில் குடை, பேனா. “சொல்லுங்க அங்கிளே” என்கிறான் ஜெயன், இரண்டாவது தடவையாக. வினீத் மறுபடி ஒருமுறை அலாரத்தைப் பார்க்க ஸ்டூலில் கால் வைக்கிறான். வெளிச்சம் துடிக்கிறது. நேற்றிலிருந்து எரிந்த டார்ச், சாகக் கிடக்கிறது.

வெளிச்சம் போகிற டார்ச்சை எல்லாரும் என்ன செய்வோம்? உள்ளங்கையில் தட்டுவோம். வினீத்தும் தட்டினான்.

இரண்டு தட்டு.

குற்றாலலிங்கம் நிமிர்ந்தார். வண்டியின் பின்பக்கம் பார்த்துத் திரும்பினார். அங்கே மஞ்சள் திரை தவிர ஒன்றும் இல்லை. இரண்டு தட்டினால் நிற்க வேண்டும், கேட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அவர் முகம் கோணிற்று. தாங்க முடியாமல் அழுதார், நேற்றிலிருந்து அழாத அழுகை. ஷில்பா, “மாமா, மாமா” என்று தோளைப் பிடித்தாள்.

டார்ச் தட்டியும் சரியாகவில்லை. “இதுல பேட்டரி லூஸ்” என்று சொல்லி, வினீத் அதன் பின்மூடியைத் திருக ஆரம்பித்தான். டேப்பினால் தடித்த பேட்டரி, இறுக்கமாக இருக்கிறது. மூடி மெதுவாகத்தான் திரும்புகிறது. அது கழன்றால், சிவப்பாக ஒரு சுற்று தெரியும். ஜெயன் அதற்கு நேர் எதிரே நிற்கிறான்.

கழல்வதற்கு முன்னால் பேசினால் அது ஒன்று. கழன்ற பிறகு பேசினால் அது வேறு.

குற்றாலலிங்கம் கண்ணைத் துடைத்தார். மகன் பக்கம் கையை நீட்டினார்.

“மக்களே, அத இங்க தா.”

ஜெயனிடம் தானே திறந்து காட்டுவதற்காகக் கேட்டாரா, வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வதற்காகக் கேட்டாரா? நான் எழுதவில்லை. எத்தனையோ தடவை எழுதப் பார்த்துவிட்டேன். என் கை அவருக்குச் சாதகமாகவே போகிறது.

வினீத் திருகுவதை நிறுத்திவிட்டான். டார்ச்சை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இடையில் நீங்கள் நிற்கிறீர்கள். வாங்கி, அவர் கையில் கொடுங்கள்.